பொன்னாடை போர்த்திய சனிக்கிழமை

ஓஸ்டர்முண்டிகன்
19 ஜனவரி 2025

அன்புள்ள தவச்செல்வன் மாஸ்டருக்கு,

நான் மக்டலின். மற்றவர்களுக்கு றோஷினியின் அம்மா என்றால் விளங்கும், உங்களுக்கு ரசிகர் குழுவின் மேளக்காரி என்றால் போதும். ஐந்து நாளாக உங்களுக்குத் தொலைபேசி எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. வாட்ஸப்பில் எழுதியதும் உங்களிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் முத்திரை வாங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாக ஒரு கடிதம் எழுதுகிறேன். சங்கத்தின் பழைய பட்டியலில் நீங்கள் வேலை செய்யும் ஹோட்டலின் விலாசம்தான் இருந்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை றோஷினி சொன்னாள். தைப்பொங்கலும் அதுவுமாக நீங்கள் லுசேர்ணிலிருந்து ரயில் ஏறி வந்து, பந்துப் பையோடு பேர்ண் விளையாட்டு மண்டப வாசலில் நின்றீர்களாம். உள்ளே ஜெரோசன் என்று ஒரு இளம் பொடியன் விசில் ஊதிக்கொண்டிருந்தானாம். பிள்ளைகள் உங்களைக் கண்டு ஓடி வர, "போய் விளையாடுங்கோ" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினீர்களாம். அதைச் சொல்லிவிட்டு என் மகள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அதற்கு மூன்று நாள் முன்புதானே, நம் வடகரைக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம்! பத்து வருடம் நம் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியதற்கு ஒரு வாழ்த்துமடல் வேண்டும் என்று தலைவர் சந்திரகுமார் கேட்டார். எழுதினேன். வாசித்ததும் நான்தான். "வடகரையின் வற்றாத ஊற்றே" என்று தொடங்கி ஒரு பக்கம். அது உங்களை நிறுத்துவதற்கான மடல் என்று எனக்குத் தெரியாது மாஸ்டர். மாதாவின் மேல் ஆணை.

இப்போது கேட்டால், "மனம் நோகாமல் அனுப்புவம் எண்டுதான்" என்கிறார் சந்திரகுமார். ஒரு மனிதனை நிறுத்துவதற்குப் பொன்னாடை போர்த்தும் சனங்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

நம் ரசிகர் குழுமம் கொதித்துப்போய் இருக்கிறது. ரெனானில் இருக்கும் பத்மநாதன் அண்ணை, அவர்தான், ட்ரம்பெட்டோடு வருவாரே, நாலு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு போட்டார். அதில் பாதி மூக்கைச் சிந்துகிற சத்தம். ஒருவர் மட்டும் "பத்து வருசத்தில ஒரு கிண்ணம்தானே வெண்டது" என்று எழுதிவிட்டு முப்பது பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு
மக்டலின்


லுசேர்ண்
27 ஜனவரி 2025

மக்டலினுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் பெண் சமையலறைக்கே கொண்டுவந்து தந்தாள். இனி எழுதினாலும் இந்த விலாசத்துக்கே எழுதுங்கள். என் வீட்டு விலாசம் யாரிடமாவது கிடைத்தாலும் அங்கே எழுத வேண்டாம்.

நான் சமையல்காரன். உங்களைப் போல எழுத வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் மடல் வாசித்தீர்கள். வாசிக்கும்போது உங்கள் குரல் தடுமாறியது. பிறகு ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். நான் என்ன பேசினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "வாற கார்த்திகையில கிண்ணம் எங்களுக்குத்தான். நான் விடமாட்டன்." அப்படித்தான் பேசினேன். சபை கை தட்டியது. முன்வரிசையில் இருந்த நிர்வாகக் குழு ஏழு பேரும் கை தட்டினார்கள். சந்திரகுமார் எழும்பி நின்று தட்டினார்.

இரண்டு வாரமாக அந்தக் கைதட்டல்தான் காதுக்குள் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை மண்டபப் பொறுப்பாளர் லூத்தி ஒரு தாளோடு வந்தார். "உங்கட பேர் இந்தப் பட்டியலில இல்லை, எனக்குக் கவலையாயிருக்கு" என்று ஜெர்மனில் சொன்னார். மண்டபக் கதவின் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். கை குலுக்கினார். இதை எனக்கு முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவர்தான். நம் ஆட்களில் ஒருவரும் இல்லை.

உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன்.

சண்டை ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் விளையாடட்டும். றோஷினி உடம்பைச் சூடாக்காமல் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

தவச்செல்வன்


ஓஸ்டர்முண்டிகன்
24 பெப்ரவரி 2025

அன்புள்ள மாஸ்டருக்கு,

சண்டை வேண்டாம் என்று எழுதினீர்கள். போட்டுவிட்டோம்.

பதினாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை சூரிச் அணியோடு நட்பு ஆட்டம். ரசிகர்கள் நாற்பது பேர் போனோம். மேல்தளத்தில் பார்வையாளர் இருக்கும் வாங்குகளை மறுபக்கம் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். நான் மேளத்தை வீட்டில் விட்டுவிட்டேன். பத்மநாதன் அண்ணை ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. நிர்வாகக் குழு சுட்டு வைத்திருந்த மட்டன் ரோல்ஸை ஒருவரும் தொடுவதில்லை என்றும் தீர்மானம். இடைவேளையில் பார்த்தால் வாகனத் தரிப்பிடத்தில் தன் காருக்குப் பின்னால் நின்று பத்மநாதன் அண்ணை இரண்டு ரோல்ஸ் சாப்பிடுகிறார். "தங்கச்சி, போராட்டம் நியாயமானதுதான். ஆனா நான் விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டனான்" என்றார். என்ன செய்வது, விட்டுவிட்டேன்.

ஆனால் மாஸ்டர், அந்த ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. சப்பாத்துக் கீச்சிடுகிற சத்தமும் ஜெரோசனின் குரலும் மட்டும்தான் கேட்டது. பெற்ற பிள்ளை விளையாடுகிறாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மூன்றாவது பகுதியில் யாரோ விம்முகிற சத்தம். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். நம் மாயா. பதினைந்து வயது, அணியில் அவள்தானே சின்னவள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முதுகுகளைப் பார்த்து அழுகிறாள். ஜெரோசன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தான்.

"அன்ரி, என்னில கோவம் எண்டா என்னைப் பேசுங்கோ. பிள்ளையளின்ர பக்கம் திரும்பி இருங்கோ. காலில விழவோ?"

நான் திரும்பினேன். பாதிப் பேர் திரும்பினார்கள். மீதிப் பேர் பிடிவாதமாக இருந்தார்கள். இருபது புள்ளியால் தோற்றோம். இன்னொன்று, இந்தப் பொடியனும் றோஷினியைச் சில நிமிடம்தான் இறக்கினான்! உங்களுக்குத்தான் அவளில் ஏதோ மனக்குறை என்று நினைத்திருந்தேன். இவனுக்கும் அதே நோயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்து வைத்தால் சங்கம் விசேட பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். இந்த நாட்டுச் சட்டம் அது. பத்மநாதன் அண்ணை அகராதியை வைத்துக்கொண்டு சங்கத்தின் யாப்பு விதிகள் முழுவதையும் வாசித்துக் கண்டுபிடித்தார். நாற்பத்தொரு கையெழுத்து சேர்த்துவிட்டோம். மார்ச் 29 சனிக்கிழமை கூட்டம். உங்களை மீண்டும் எடுப்பதா இல்லையா என்று கை உயர்த்த வேண்டும்.

வெல்லலாம், ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கார்த்திகையில் நடந்த அரையிறுதி. நாற்பது செக்கன் இருக்கிறது, ஒரு புள்ளி பின்னுக்கு நிற்கிறோம், நம் அணியில் திறமான பிள்ளை வாங்கில் இருக்கிறாள். ஏன் நீங்கள் றோஷினியை இறக்கவில்லை? நிர்வாகக் குழு இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அவளைக் கேட்டால் வாய் திறக்கிறாளில்லை. நீங்கள் காரணத்தை ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள். நான் சபையில் வாசிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குப் பத்மநாதன் அண்ணை உங்களைப் பேர்ண் ரயில் நிலையத்தில் கண்டாராம். பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தீர்களாம். கிட்ட வந்து கதைக்க அவருக்கு மனம் வரவில்லையாம். அங்கே என்ன செய்கிறீர்கள் மாஸ்டர்?

மக்டலின்


லுசேர்ண்
3 மார்ச் 2025

மக்டலினுக்கு,

பத்மநாதன் கண்டது நான்தான்.

அன்று ஒன்றுகூடலுக்கு என் மனைவி தில்லைநாயகி வரவில்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறும் வேலை. பொன்னாடையோடு நிற்கும் படத்தை மேடையிலிருந்து இறங்கியதுமே அவளுக்கு அனுப்பினேன். பெரிதாக அச்சடித்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டாள். உங்கள் மடலுக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய அக்காமார் நாலு பேருக்கும் வீடியோவில் காட்டினாள். பத்து வருடமாக, "பந்து பந்தெண்டு வீட்டை மறந்து திரியுறார்" என்று என்னை ஏசிய பெண், "இந்த மனுசனைச் சனம் மதிக்குது" என்று சொன்னதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

மூன்றாம் நாள் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பொங்கல் வைத்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டித் தந்து, "நேரமாகுது, ரயிலை விடப் போறியள்" என்றாள். போனேன். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் போகிறேன். பேர்ணில் இறங்கி இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வருகிறேன். வீட்டு விலாசத்துக்கு ஏன் எழுத வேண்டாம் என்றேன் என்பது இப்போது விளங்கும்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் தர மாட்டேன். அவளை இறக்காதது என் முடிவு. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். அந்த நாற்பது செக்கனில் "ஒன்பதை இறக்கு, ஒன்பதை இறக்கு" என்று முதலில் அடித்த மேளம் யாருடையது? ஒன்பது றோஷினியின் இலக்கம். பத்து வருடமாக அந்த மேளத்தைக் கேட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றவன் நான். யார் அடிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மற்றவர்கள் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. உங்கள் மேளம் வலித்தது. நான் காரணமில்லாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று நீங்களாவது நினைப்பீர்கள் என்று இருந்தேன்.

வாங்குகளைத் திருப்பிப் போட்டதைக் கேட்டு வெட்கப்பட்டேன். ஜெரோசன் என்னை நிறுத்தவில்லை. மாயா என்னை நிறுத்தவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு மேளத்தைக் கொண்டு போங்கள். அந்தப் பொடியனுக்காக அடியுங்கள்.

தவச்செல்வன்


ஓஸ்டர்முண்டிகன்
30 மார்ச் 2025

மாஸ்டர்,

தோற்றுவிட்டோம். இருபத்தொன்பது கை உங்களுக்கு, முப்பத்தெட்டு எதிராக. கையெழுத்து வைத்தவர்களிலேயே பன்னிரண்டு பேர் நிர்வாகக் குழுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தாமல் விட்டார்கள்.

எப்படித் தோற்றோம் என்றும் சொல்ல வேண்டும். நான் எழும்பி உங்களுக்காகக் கதைத்தேன். நன்றாகத்தான் கதைத்தேன். முடித்துவிட்டு இருக்க, சந்திரகுமார் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, "தங்கச்சி இப்ப இப்பிடிச் சொல்லுறா, அண்டைக்கு என்ன சொன்னவா எண்டு பாப்பம்" என்று சுவரில் ஒரு வீடியோவைப் போட்டார். அரையிறுதியின் கடைசி நிமிடம். திரை முழுக்க நான். தலைமயிர் கலைந்து, கழுத்து நரம்பு புடைக்க, சர்ச் பாடகர் குழுவின் பழைய மேளத்தை அடித்து அடித்து "ஒன்பதை இறக்கு" என்று கத்துகிறேன். சபை சிரித்தது. என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு ஊருக்கே பதில் காட்டிவிட்டார்கள்.

றோஷினி அங்கத்தவர் இல்லை, வயது போதாது. பின்னுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுடைய முழங்கால் கார்த்திகைக்கு முந்தியே நொந்துகொண்டிருந்ததாம். குதித்து இறங்கும்போது அவள் முகத்தைச் சுளித்ததை வைத்து நீங்கள் கண்டுபிடித்தீர்களாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் பந்தையே தொட விடமாட்டா என்று அழுதாளாம். உண்மைதான். மருத்துவமனையில் தொழிற்பயிற்சி தொடங்கப் போகிற பிள்ளை. காலில் ஒரு அடி பட்டால் கூடைப்பந்து அன்றோடு முடிந்தது என்று நான் சொல்லியிருக்கிறேன். சொல்லமாட்டேன், ஆனால் நொந்த காலோடு இறக்கவும் மாட்டேன் என்றீர்களாம். அந்த நாற்பது செக்கன் நான் இறக்கு இறக்கு என்று மேளம் அடித்தது என் பிள்ளையின் காலை உடைக்க. நீங்கள் வாய் திறக்காமல் நின்றது அதைக் காப்பாற்ற.

ஜெரோசனிடமும் கேட்டேன். திறப்பைக் கொடுத்த இரண்டாம் நாள் லூத்தியின் பெயருக்கு நீங்கள் ஒரு தாள் அனுப்பி, அதைப் புதுப் பயிற்சியாளரிடம் கொடுக்கச் சொன்னீர்களாம். பதின்மூன்று பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்களாம். ஒன்பதுக்கு நேரே, "கால் நோகாத நாளில் மட்டும் இறக்கவும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குதிக்க விட வேண்டாம்." உங்கள் இடத்தை எடுத்தவனுக்கு இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இனி என் பங்கு. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

எனக்குத் தெரியும் மாஸ்டர். அந்தச் சனிக்கிழமை மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு சமையலறை வாசலில் வைத்துச் சந்திரகுமார் சொல்லிவிட்டார். "இதோட மாஸ்டரை அனுப்புறம். நல்லா உருக்கமா வாசியுங்கோ." மடல் கையில். சபை நிறைந்து இருக்கிறது. பொன்னாடை தட்டில் மடித்து வைத்திருக்கிறது. நீங்கள் முன்வரிசையில் புதுக் கோட்டோடு இருக்கிறீர்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மேடையில் ஏறி உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசித்தேன். குரல் தடுமாறியது அதனால்தான். நீங்கள் கிண்ணத்தைப் பற்றிப் பேசியபோது நானும் கை தட்டினேன்.

பிறகு மாதாவின் மேல் ஆணையிட்டுப் பொய்யும் எழுதினேன். இது தபசு காலம். பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி மன்னிப்புத் தந்தார். ஆனால் நான் பிழை செய்தது சுவாமிக்கு இல்லையே.

முழங்கால் விஷயத்தை எல்லோருக்கும் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். திரும்பவும் கையெழுத்துச் சேர்க்கிறேன். திரும்பவும் கூட்டம் கூட்டுவோம். இந்த முறை தோற்க மாட்டோம்.

மக்டலின்


பேர்ண் ரயில் நிலையம்
8 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை

தங்கச்சிக்கு,

இதை வழக்கமான வாங்கில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது மடியில் வைத்து எழுதுவதால்.

உங்களுக்குத் தெரியும் என்று வாசித்தபோது கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கடிதத்தை மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தேன். நாலாம் நாள் தில்லைநாயகி இந்தப் பொட்டலத்தைக் கட்டித் தந்தாள். "இண்டைக்குப் பிள்ளையளுக்கும் சேத்து வடை வைச்சிருக்கிறன், குடுங்கோ" என்றாள். பதின்மூன்று வடை. எண்ணிப் போட்டிருக்கிறாள். இப்போது என் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வடையைக் கையில் வாங்கும்போதுதான் உறைத்தது. உங்களுக்குப் பத்து நிமிடம் தெரிந்திருந்தது, நீங்கள் சொல்லவில்லை. நிர்வாகக் குழுவுக்கு ஒரு மாதம் தெரிந்திருந்தது, அவர்கள் சொல்லவில்லை. எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. யாரில் கோபப்படுவது?

றோஷினியின் காலை உங்களிடம் சொல்லாததும் என் பிழைதான். வாக்குக் கொடுத்தேன் என்பது சாட்டு. தாயிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். உடனே எம்.ஆர்.ஐ. எடுங்கள். அவளைப் பந்தை விட்டு விலக்க வேண்டாம். கால் ஆறட்டும், பந்து காத்திருக்கும்.

இன்னொரு கூட்டம் வேண்டாம். முழங்காலைக் காட்டி நான் திரும்பி வந்தால், பிள்ளை தன்னால்தான் இவ்வளவும் வந்தது என்று சுமந்துகொண்டு திரிவாள். ஜெரோசன் நல்ல பொடியன். தாளில் எழுதியதைக் கேட்டு நடந்திருக்கிறான், அது போதும். என்னை நிறுத்தியது கூட எனக்குப் பெரிதில்லை. பயிற்சியாளர் என்றால் ஒருநாள் நிறுத்துவார்கள். எனக்கு வலிப்பது அந்தப் பொன்னாடை. ஒருவரும் என்னைக் கூப்பிட்டு, "தவச்செல்வன், உன்னை நிறுத்திறம்" என்று சொல்லவில்லை. சொல்லாததால் அது எனக்கு இன்னும் முடியவில்லை. அதுதான் இங்கே வந்து இருக்கிறேன் போலும்.

உங்களால் எனக்கு ஒன்று செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள். அந்த மடலைத் திரும்ப எழுதுங்கள். வற்றாத ஊற்றும் வேண்டாம், வான்மதியும் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். எழுதி, இந்த முறை வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். கீழே தருகிறேன். வீட்டுக்கு வருகிற தபால் எல்லாவற்றையும் தில்லைநாயகிதான் பிரிப்பாள்.

எனக்கு வாயால் சொல்ல வரவில்லை தங்கச்சி.

தவச்செல்வன்


ஓஸ்டர்முண்டிகன்
21 ஏப்ரல் 2025, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள்

திரு. தவச்செல்வன் அவர்களுக்கு,

வடகரைக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் உங்களைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நிறுத்திவிட்டது. ஜனவரி 11ஆம் திகதி உங்களுக்குப் போர்த்திய பொன்னாடை அதற்காகத்தான் போர்த்தப்பட்டது. அதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லப் பயந்தோம்.

நீங்கள் பத்து வருடம் செவ்வாயும் வியாழனும் வந்தீர்கள். ஒருநாளும் பிந்தி வரவில்லை. ஒரு கிண்ணம் வென்று தந்தீர்கள். ஒரு பிள்ளையையும் நொந்த காலோடு விளையாட விடவில்லை. அதற்காக நாங்கள் உங்களைப் பார்த்துக் கத்தினோம்.

நிறுத்தியது சரியா பிழையா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. நிறுத்திய விதம் பிழை. அதில் சண்டை இல்லை.

மக்டலின், பத்மநாதன், ஜெரோசன், மாயா, றோஷினி, இன்னும் முப்பத்தொரு பேர்.

பி.கு.: மாஸ்டர், கடைசியில் இருக்கும் கையெழுத்து சந்திரகுமாருடையது. நேற்று பூசை முடிய சர்ச் வாசலில் வைத்து நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "வடிவான சொல் ஒண்டும் இல்லையே, தங்கச்சி" என்றார். "இல்லைத்தான்" என்றேன். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். றோஷினிக்கு முழங்கால் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது. சத்திரசிகிச்சை இல்லாமல் ஆற வைக்கலாம் என்கிறார் டொக்டர். அரையிறுதியில் இன்னொரு தரம் குதித்திருந்தால் முழுவதும் போயிருக்குமாம். மே 11 ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆட்டம். வாங்குகள் மைதானத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.


லுசேர்ண்
29 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை

தங்கச்சிக்கு,

மடல் வந்தது. இதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வீட்டில் இருப்பது பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு தரம் குப்பை கொண்டுபோய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது தில்லைநாயகி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தை மாசத்தில இருந்து உங்கட பெனியன் வேர்வை மணமில்லாமல் வருது. முதல் நான் வேற மாதிரி நினைச்சுப் பயந்துபோனன். பிறகு பந்துப் பையைத் திறந்து பாத்தன். ஆறு பந்தும் காத்துப் போய்க் கிடக்குது. அண்டைக்கே எனக்கு விளங்கீற்றுது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒவ்வொரு கிழமையும் சோத்தைக் கட்டித் தந்துகொண்டிருந்தன்."

"அப்ப அந்தப் பதின்மூண்டு வடை?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பிறகாவது வாயைத் திறப்பியள் எண்டு பாத்தன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், தங்கச்சி. இந்த ஐம்பத்தாறு வயதில் வாசலில் நின்று சப்பாத்தோடு அழுதேன்.

பொன்னாடைப் படத்தை அவளே கழற்றினாள். பழைய மடலையும் கழற்றி உங்களுக்கே அனுப்பச் சொன்னாள், இதோடு வருகிறது. அந்த ஆணியில் உங்கள் புது மடலை மாட்டியிருக்கிறாள். அக்காமாருக்கு வீடியோவில் இதையும் வாசித்துக் காட்டினாள், "நிறுத்திவிட்டது" என்ற இடத்தில் குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்.

மே 11 வருகிறேன். கோட்டுப் போட மாட்டேன், மைதானப் பக்கமும் இறங்க மாட்டேன். மேளத்துக்குப் பக்கத்தில் இரண்டு இடம் பிடித்து வையுங்கள். தில்லைநாயகியும் வருகிறாள். பத்து வருடத்தில் அவள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை, எந்தக் கூடை எங்களுடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பந்துகளுக்குக் காற்று அடித்துவிட்டேன். ஜெரோசனிடம் கொடுக்கக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்
தவச்செல்வன்